இரண்டாவது டப்பா

பழநியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில் கபடிக்கும் காவலர் தேர்வுக்கும் உடம்பைத் தேற்றும் இளைஞர்கள் வாங்குவது பெரும்பாலும் இரண்டு டப்பா: புரோட்டீன் பவுடர் ஒன்று, பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ‘ப்ரீ வொர்க்அவுட்’ மற்றொன்று. ஜிம்மில் எவராவது சுருண்டு விழுந்தால் ஊர் முதல் டப்பாவைத்தான் திட்டுகிறது. பால் புரதமோ அதோடு சிலர் சேர்க்கும் கிரியேட்டினோ ஆரோக்கியமான இதயத்தைக் கெடுக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. குறுகிய, வேகமான முயற்சிகளுக்குக் கிரியேட்டின் கைகொடுப்பதும் உண்மை. முதல் டப்பாவின் குற்றம் வேறு. கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையின் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 25-இல் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. கலப்படத்தைக் கண்டிக்கலாம். அதற்காக மாரடைப்புப் பழியையும் அதன் தலையில் கட்ட முடியாது.

இதயம் அஞ்ச வேண்டியது இரண்டாவது டப்பாவுக்கு. ஆரோக்கியமான பெரியவர் ஒரே வேளையில் 200 மில்லிகிராம் காஃபின் வரை எடுக்கலாம் என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு. இவ்வகைப் பொடிகள் பலவற்றில் ஒரு ஸ்கூப்பே அந்த அளவைத் தொடும். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டிய நாளில் இரண்டு ஸ்கூப் போட்டால், வெயிலும் ஓட்டமும் ஏற்கெனவே விரட்டும் நாடித்துடிப்பை அது மேலும் விரட்டும். லேபிள் மறைக்கும் சரக்கு இன்னும் மோசம். 2010 தில்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன் இந்திய வீரர்கள் பலர் மெத்தில்ஹெக்சனமைன் சோதனையில் சிக்கினார்கள். இவ்வகைப் பொடிகள் சிலவற்றில் இருந்த, இரத்தக் குழாயைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருள் அது. 2012 லண்டன் மாரத்தானில் 30 வயதுப் பெண் இறந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்று மரண விசாரணை சொன்னது. வீரர்களைச் சிறுநீர்ச் சோதனை பிடித்தது. ஜிம் பையனுக்கு அந்தக் காவலும் இல்லை.

“இதய நோயாளிகள் தவிர்க்கவும் என்று அச்சிட்டிருக்கிறோமே” என்பது விற்பவர் வாதம். தன் இதயத்தில் கோளாறு இருப்பது தெரிந்தவருக்குத்தானே அந்த வரி உதவும்? இதயத் தசையைப் பிற்காலத்தில் பலவீனமாக்கக்கூடிய ஒரு மரபணு மாற்றம் இந்தியர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாக, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்கேற்ற 2009 ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் நோய் வராது. வருபவருக்கும் இளமையில் தெரியாமல் போகலாம். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் விளையாட்டு வீரர்களுக்கு இ.சி.ஜி. கட்டாயமான பின் திடீர் மரணம் சுமார் 89 விழுக்காடு குறைந்தது. இ.சி.ஜி. எல்லாக் கோளாறையும் காட்டாது, வீண் பயமும் கிளப்பும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் அதற்கு ஆகும் செலவு ஒரு ப்ரீ வொர்க்அவுட் டப்பாவின் விலையைவிட மிகக் குறைவு.