காண்போர் உணர்வும் திறனாய்வும்: மட்டாஞ்சேரித் துறைமுகக் கதையை முன்வைத்து

திரைப்படம் பார்த்து வெளிவரும் ஒருவரிடம் கருத்துக் கேட்டால் அவர் பெரும்பாலும் தம்மைப் பற்றியே பேசுகிறார். 'அழுதுவிட்டேன்', 'சலிப்புத் தட்டியது', 'என் தந்தை நினைவுக்கு வந்தார்' என்பன போன்ற கூற்றுகளில் பேசப்படும் பொருள் படமாயினும் வெளிப்படுவது பார்ப்பவரின் நிலையேயாகும். இத்தகைய கூற்றுகளைத் திறனாய்வாளர் இரு வகையாகக் கையாண்டு வருகின்றனர். ஒரு சாரார் இவற்றை வெறும் விருப்பு வெறுப்பு எனத் தள்ளுகின்றனர். மற்றொரு சாரார் மக்கள் தீர்ப்பென்று அப்படியே ஏற்கின்றனர். இரண்டு நிலைகளிலும் அக்கூற்று எவ்வாறு பிறந்தது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. பாராட்டுப் பெற்றும் பார்வையாளரை முழுவதும் வயப்படுத்தாத ஒரு படத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்படம் இராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' என்னும் மலையாளப் படம். அதன் களம் கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி.

மெய்ப்பாடும் காண்போரும்

காண்போர் உணர்வைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் தனி இயலாக அமைந்துள்ளது. அதற்கு உரை வகுத்த இளம்பூரணர் செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டி, உணர்வுக்கு ஆட்பட்டவனிடம் நிகழ்வது காண்பவரிடம் சென்று சேரும் தன்மையே மெய்ப்பாடு என விளக்குகின்றார். அச்சமுற்றவனின் அச்சம் அவன் உடலில் வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாக வேண்டும். உள்ளத்துள் அடங்கிக் கிடப்பது மெய்ப்பாடாகாது.

இவ்விளக்கத்தில் மூன்று கூறுகள் உள்ளன. உணர்வுக்குரிய காரணம், அக்காரணம் ஒருவனிடம் வெளிப்படும் முறை, அது காண்பவரை எட்டுதல் என அவற்றை வகுக்கலாம். 'படம் என்னைத் தொடவில்லை' என்று ஒருவர் கூறினால், இம்மூன்றனுள் எது குறைந்தது எனக் கேட்க இடமுண்டு. காரணம் வலுவற்றதாக இருக்கலாம். காரணம் வலுவானதாக இருந்தும் வெளிப்பாடு குறைந்திருக்கலாம். இரண்டும் நிறைந்திருந்தும் காண்பவரின் அறிவும் வாழ்க்கையும் அதனை ஏற்கும் நிலையில் இல்லாதிருக்கலாம். முதலிரண்டும் படைப்பைச் சார்ந்த குறைகள். மூன்றாவதைப் படைப்பின்மீது மட்டும் ஏற்றுவது பொருந்தாது.

நீதிமன்றம் கண்ட பார்வையாளர்

பார்வையாளர் யார் என்னும் வினாவை நம் நாட்டு நீதிமன்றங்களும் எதிர்கொண்டுள்ளன. பீஷ்ம சாஹ்னியின் புதினத்தைத் தழுவிக் கோவிந்த் நிஹலானி இயக்கிய 'தமஸ்' தொடர் 1988ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது அதைத் தடைசெய்யக் கோரி வழக்குத் தொடரப்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் தொடரைத் தாமே பார்த்து முடிவுசெய்தனர். பின்னர் உச்சநீதிமன்றமும் ஒளிபரப்புக்குத் தடைவிதிக்க மறுத்தது. எளிதில் தடுமாறும் மனத்தினரை அளவுகோலாகக் கொள்ளாமல், உறுதியும் பகுத்தறிவும் உடைய மனிதரை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தேசிய விருது பெற்ற 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோதும், 1989ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, பொது அறிவுள்ள இயல்பான மனிதரின் பார்வையையே அடிப்படையாகக் கொண்டது.

சட்டத்திற்கு இந்த 'இயல்பான மனிதர்' தேவை. ஆயின் திறனாய்வுக்கு அவர் போதியவரல்லர். அவருக்கு ஊர் இல்லை, தொழில் இல்லை, நினைவு இல்லை. மட்டாஞ்சேரியைப் பற்றிய ஒரு படத்தை அவ்வூரில் சுமை தூக்கியவரின் பேரனும் வேற்று மாநிலத்து மாணவியும் ஒரே மனிதராக இருந்து பார்ப்பதில்லை.

கதையும் களமும்

கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகமே இப்படத்தின் மூலம். அவர் மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை அமைத்துள்ளார். படம் 2021ஆம் ஆண்டு ரோட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இடம்பெற்றது. 2023 மார்ச் 10 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. கொச்சித் துறைமுகத்தில் நிலவிய 'சாப்பா' முறையும், அதற்கெதிரான போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூடும் கதையின் அடித்தளம். அப்போராட்டத்தில் உயிர்நீத்தோராகச் சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய மூவர் நினைவுகூரப்படுகின்றனர்.

சாப்பா என்பது வேலைக்கு அனுமதி தரும் சிறு உலோக வில்லை. கப்பல் வேலைக்கு ஆளெடுக்கும் மூப்பன், கூடி நிற்கும் தொழிலாளர் நடுவே வில்லைகளை வீசியெறிவான். முட்டிமோதி அதைக் கைப்பற்றியவனுக்கு அன்றைய வேலை. கைப்பற்றாதவன் வீட்டில் அடுப்பெரியாது. துறைமுகத் தொழிலாளரின் வேலையை முறைப்படுத்தும் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும் அச்சட்டம் திட்டங்கள் வகுக்க வழிசெய்ததேயன்றி, இயற்றப்பட்ட அன்றே ஒவ்வொரு துறைமுகத்திலும் நடைமுறையை மாற்றிவிடவில்லை. சட்டம் பிறந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின்னும் கொச்சியில் வில்லைக்கெதிராக உயிர் கொடுக்க வேண்டியிருந்தது என்பது நினையத்தக்கது.

இரு எதிர்வினைகள்

படத்தைப் பற்றி எழுந்த கருத்துகளில் இரண்டு மீண்டும் மீண்டும் காணப்பட்டன. காலச் சித்திரிப்பும் ஒளிப்பதிவும் நடிப்பும் மனத்தை உலுக்குகின்றன என்பது ஒன்று. ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம் தளர்ந்து செல்கிறது, துயரம் மிகுந்து களைப்பூட்டுகிறது என்பது மற்றொன்று. பின்னதைக் கூறுவோரைப் பொறுமையற்றவர் எனப் புறந்தள்ளுவது எளிது; ஆயின் அது நேர்மையான திறனாய்வாகாது. ஒரே படத்தைப் பற்றிய இவ்விரு கூற்றுகளும் உண்மையாக இருக்க முடியுமா என ஆராய்தல் வேண்டும்.

படத்தின் தொடக்கப் பகுதி கருப்பு வெள்ளையில் அமைந்துள்ளது. அங்கு மைமூ என்னும் தொழிலாளியும் அவனைச் சூழ்ந்த கூட்டமும் வில்லைக்காக மண்ணில் புரளும் காட்சி இடம்பெறுகிறது. கொச்சியின் வரலாறு அறியாதவரையும் இக்காட்சி எட்டுகின்றது. காரணம் வெளிப்படை: பசி. வெளிப்பாடு உடலிலேயே நிகழ்கிறது: நெரியும் தோள்கள், மண்ணைத் துழாவும் விரல்கள். தொல்காப்பியர் அழுகைக்குரிய களங்களுள் ஒன்றாகக் கூறும் இளிவு, அஃதாவது பிறரால் இழிவுபடுத்தப்படுதல், இங்குச் சொல்லின்றியே காட்டப்படுகிறது. மெய்ப்பாட்டின் மூன்று கூறுகளும் ஒருங்கே நிறைவெய்தும் இடம் இது.

பின்வரும் பகுதியில் மைமூவின் மனைவி பாத்திமாவும் அவள் மக்களும் கதையைத் தாங்குகின்றனர். முரடனாக வளரும் மூத்தவன் மொய்து, பொறுப்புணர்ந்த இளையவன் ஹம்சா, அவர்தம் தங்கை கதீஜா என ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி விரிகிறது. இழவு, வறுமை, முன்னைய நிலை கெட்டு வருந்தும் அசைவு என அழுகையின் ஏனைய களங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. பாத்திமாவாக நடித்த பூர்ணிமா இந்திரஜித்தின் அடக்கமான நடிப்பு இத்துயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் ஒரே மெய்ப்பாடு இடைவிடாது தொடரும்போது காண்பவரிடம் அது மழுங்குதல் இயல்பு. 'களைப்பூட்டுகிறது' என்னும் கூற்று பிறக்குமிடம் இதுவே. அக்கூற்றைச் சொல்பவருக்குத் துயரத்தின்மீது இரக்கமில்லை என்று கொள்வது தவறு. அவர் வேறொரு மெய்ப்பாட்டை எதிர்நோக்கிக் காத்திருக்கிறார்.

அது பெருமிதம். தறுகண்மையைப் பெருமிதத்தின் களமாகத் தொல்காப்பியம் கொள்கிறது. வில்லைக்காக ஒருவரையொருவர் மிதித்தவர் எவ்வாறு ஒருவர் தோளை ஒருவர் பற்றி நிற்கக் கற்றனர் என்பதே 1953இன் உட்பொருள். சங்கம் உருவானதைப் படம் காட்டாமலில்லை. ஆனால் அம்மாற்றம் நிகழும் படிகளைக் குடும்பத் துயருக்குப் பின்னணியாக ஒதுக்கிவிடுகிறது. எனவே இறுதிக் கட்டத்தின் எழுச்சி, நிகழ்ச்சியை முன்பே அறிந்தவருக்கு மட்டும் முழுமையாகப் புலனாகிறது. போராட்ட நினைவைக் குடும்ப வழியே பெற்ற ஒருவர் படம் விட்டுச்சென்ற இடைவெளியைத் தம் நினைவால் நிரப்பிக்கொள்வார். அந்நினைவு வாய்க்காதவருக்கு அது இடைவெளியாகவே நிற்கும். முன்னவரின் கண்ணீரும் பின்னவரின் சலிப்பும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை என்பது இங்குத் தெளிவாகும்.

கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து உருவான 'தண்ணீர் தண்ணீர்' (1981) இங்கு ஒப்பிடத்தக்கது. அதுவும் மேடையிலிருந்து திரைக்கு வந்த கதை. அதுவும் தோல்வியில் முடிவது. எனினும் ஊரார் கூடிக் கால்வாய் வெட்ட முனையும் செயலைப் பார்வையாளர் கண்முன் காண்கின்றனர். அச்செயல் தடுக்கப்படும்போது எழும் வெகுளிக்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. செயலைக் காட்டிய பின்னர் இழப்பைக் காட்டியமையால் அதன் துயரம் மழுங்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். தனிமனித எதிர்வினை தீர்ப்பன்று; அது சான்று. சான்றை ஏற்குமுன் அது பிறந்த இடத்தை விசாரித்தல் திறனாய்வின் கடமை. விழாப் பாராட்டு ஒரு படத்தைக் காண்போரின் குறைகூறலிலிருந்து காப்பாற்றாது. அவ்வாறே குறைகூறல் அப்படத்தின் அருமையைக் கெடுத்துவிடாது. 'துறமுகம்' தன் முதற்பகுதியில் எந்நாட்டவரையும் மட்டாஞ்சேரிக் கடற்கரையில் நிறுத்துகிறது. பிற்பகுதியில் அவ்வூர் நினைவை முன்பே உடையவரிடம் மட்டும் முழுமையாகப் பேசுகிறது.

இது கலைநுட்பம் பற்றிய கணக்கு மட்டுமன்று. அப்போராட்டத்தை நேரில் கண்டோர் குறைந்துவரும் காலம் இது. அவர்தம் நினைவு இனி நாடகம், திரைப்படம் முதலியவற்றின் வழியாகவே அடுத்த தலைமுறையை அடைய வேண்டியுள்ளது. ஆகவே முன்னறிவில்லாத பார்வையாளர் 'எனக்கு எட்டவில்லை' என்று சொல்லும்போது, அக்கூற்றைச் செவிமடுத்தல் அந்நினைவைக் காப்பதன் ஒரு பகுதியேயாகும். துயரத்தைக் கடத்துவதோடு நில்லாது, அத்துயரை எதிர்த்து எழுந்த துணிவையும் கடத்தும் படைப்பே உயிர்நீத்தோருக்குக் கடன் தீர்ப்பதாகும்.