கோட்டும் கணப்பும்

நுவரெலியா ஹில் கிளப்பில் இரவு 7 மணிக்கு மேல் சாப்பாட்டு அறைக்குள் போக ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். கொண்டுவராதவர்களுக்கு அங்கேயே இரவல் தருகிறார்கள். 1876இல் தோட்டத் துரைமார் தொடங்கிய சங்கம் இது. உறுப்பினரல்லாதவர் தங்குவதானால் தற்காலிக உறுப்பினர் கட்டணம் கட்ட வேண்டும். நெடுங்காலம் இலங்கையரையே உறுப்பினராகச் சேர்க்காத இடம். சுற்றிலும் கொழுந்து பறித்த மலையகத் தமிழரின் உழைப்பில் எழுந்த ஊரில், துரைமாரின் உடைச் சட்டத்தை மட்டும் இத்தனை பக்தியோடு காப்பாற்றுவது எனக்கு உறுத்துகிறது. கணப்பும் படுக்கையில் வைக்கும் வெந்நீர்ப் பையும் அங்கே உண்டுதான்; ஆனால் விருந்தாளியை முதலில் சந்திப்பது விதிமுறை.

டார்ஜிலிங்கில் அப்சர்வேட்டரி குன்றின் மேலிருக்கும் விண்டமியர் வேறு மாதிரி. விக்டோரியா காலத்தில் மணமாகாத தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கும் வீடாக இருந்தது. 1939இல் டெண்டுஃப் லா குடும்பம் அதை வாங்கி ஹோட்டலாக்கியது. மாலையானதும் அறைக் கணப்பில் நிலக்கரித் தீ மூட்டுகிறார்கள். இரவு உணவு முடித்துத் திரும்பினால் போர்வைக்கடியில், கால் படும் இடத்தில், உறையிட்ட வெந்நீர்ப் பை சூடாகக் கிடக்கும். குளிருக்கு ஒடுங்கி வந்தவருக்கு அதைவிடப் பெரிய உபசாரம் எதுவுமில்லை. பிற்பகல் தேநீருக்கு எல்லோரும் ஒரே கூடத்தில் கூடுவார்கள். முன்பின் அறியாதவர்கள் பேசிப் பழகுவார்கள். சிக்கிம் பட்டத்து இளவரசர் பால்டென் தொண்டுப் நம்க்யாலும் அமெரிக்க மாணவி ஹோப் குக்கும் 1959இல் முதன்முதலில் சந்தித்தது இந்த விடுதியில்தான். 1963இல் அவர்களுக்குத் திருமணம் நடந்தது.

இலங்கையிலும் அப்படியொரு வீடு இருந்தது. காலிக் கோட்டைக்குள், ஒல்லாந்தர் கட்டிய மாளிகையில் 1860களில் தொடங்கிய நியூ ஓரியன்டல் ஹோட்டல் பின்னாளில் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் கட்டடத்திலேயே பிறந்த நெஸ்டா பிரோஹியர், வளர்ந்து அதையே நடத்தினார். இன்று அது அமன்கல்லா. பன்னாட்டு நிறுவனம் ஒன்று பளபளவென்று நடத்துகிறது. வாடகை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது.

குடும்ப வீடு இப்படிக் கைவிட்டுப் போவதற்கு இந்தியாவும் விலக்கல்ல. கொல்கத்தா சடர் தெருவின் ஃபேர்லான் ஹோட்டல், அதை நடத்திவந்த வயலட் ஸ்மித் 2014இல் மறையும்வரை அவருடைய வீடாகவே இருந்தது. பிறகு அதுவும் கைமாறியது. வாரிசுக்கு விருப்பமில்லாமல் போனாலும், பழைய கூரையைப் பழுதுபார்க்கப் பணமில்லாமல் போனாலும் கதை ஒன்றுதான்.

ஆகவே கட்டடத்தின் வயதையோ தேக்கு மேசையையோ வைத்து நான் இவற்றை எடைபோடுவதில்லை. துரைமாரின் சட்டத்தைக் காத்த நுவரெலியாவைவிட, அவர்கள் விட்டுப்போன வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்ட டார்ஜிலிங் குடும்பத்தின் வழியே மேலானது. அடுத்த முறை மலையூரில் அறை பிடிக்கும்போது முன்பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "முதலாளி இங்கேயேதான் குடியிருக்கிறாரா?" ஆம் என்றால், வெந்நீர் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பொறுத்துக்கொண்டு அங்கேயே தங்குங்கள்.