முகமும் எழுத்தும்: நினைவு அஞ்சல் தலைகள் பற்றி

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளைக்கு 1989இல் நினைவு அஞ்சல் தலை வெளியாயிற்று. மோகனூரில் பிறந்த அவர் பாட்டால் பெயர் பெறுமுன் தூரிகையால் பிழைத்தவர். பிறர் முகங்களைத் தீட்டியவரின் முகமே சிறு தாளில் அச்சேறியது பொருத்தந்தான். சேலம், நாமக்கல் சமவெளியில் அஞ்சல் தலை சேர்ப்போர் தம் ஏட்டின் முதற்பக்கத்தை அதற்கு ஒதுக்கினால் தவறில்லை.

ஆயின், முகம் கிட்டாதோரை இக்கலை என்ன செய்கிறது? 1960இல் திருவள்ளுவருக்கு வந்த தலையில் உள்ளது ஓவியர் கற்பித்த உருவமே. உமறுப் புலவருக்கும் அவர் காலத்துப் படம் எதுவுமில்லை. உலமாக்களில் பலரோ தஸ்வீரை மார்க்கப் பேணுதலால் விலக்கியவர்கள். அவர்களுக்கு முகம் கற்பிப்பது நினைவுகூர்தலாகுமா?

1980இல் தேவ்பந்த் தாருல் உலூமுக்கு வந்த தலை இதற்கு நல்ல விடை. 1866இல் தொடங்கிய அந்நிறுவனத்தை முன்னோர் எவர் உருவத்தாலுமன்றிக் கட்டடத்தாலேயே அது காட்டியது. அடக்கமான, நேர்மையான ஆக்கம்.

அவ்வாண்டு நவம்பரில் ஹிஜ்ரி 1400ஐ நினைவுகூர்ந்த தலையைப் பற்றி அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. அதில் கஃபாவும் ஹாஜிகளும் இடம்பெற்றனர். கண்ணுக்கு இனிய படந்தான். ஆனால் ஹிஜ்ரத் என்பது மக்காவை நோக்கிய பயணமன்று, மக்காவைத் துறந்து மதீனா சென்ற பயணம். ஹஜ்ஜையும் ஹிஜ்ரத்தையும் ஒன்றாக்கிய இப்பிழையை நம்மவரே பெருமையுடன் ஏட்டில் பாதுகாக்கிறோம். உணர்ச்சி மிகுந்த இடத்தில் ஆய்வு உறங்கிவிடுகிறது போலும்!

என் மதிப்பில் உயர்ந்தவை 1948 ஆகஸ்ட் 15இல் வெளியான நான்கு காந்தி தலைகள். சுவிட்சர்லாந்தில் அச்சிடப்பட்ட அவற்றில் முகத்தோடு ‘பாபு’ என்னும் சொல் இந்தியிலும் உருதுவிலும் உள்ளது. பிரிவினையின் இரத்தம் உலராத அவ்வாண்டில் பே, அலிஃப், பே, வாவ் என்ற நான்கெழுத்துகள் அங்கு நின்றது சிறு செய்தியன்று. முகத்தைவிட அவ்வெழுத்தே எனக்கு அதிகம் பேசுகிறது.

முதல்நாள் உறை வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை: உறையையும் முத்திரையையும் காத்து, உடன் வரும் தகவல் மடலை எறிந்துவிடாதீர்கள். தலையின் பொருளை அஞ்சல்துறை எவ்வாறு கருதியது என்பதற்கு அதுவே சான்று. பொதுவாக அது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது. தமிழ்ப் புலவர் ஒருவரைப் பற்றிய மடலைத் தமிழ் மட்டும் அறிந்தவர் படிக்க இயலாத நிலையை அஞ்சல்துறைக்கு எழுதிக் கேட்கலாம்; அஞ்சல் தலை ஒட்டியே!