எச்சமும் ஆங்கில வினையும்

ஆங்கிலம் கற்பதற்குத் தமிழிலக்கணம் தடையென்று எண்ணுவோர் நெகிரி செம்பிலானில் இன்னும் உளர். லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் மட்டுமன்று, சிரம்பான் நகரிலும் இப்பேச்சு உண்டு. பெற்றோரை நாம் குறை கூறோம். இவ்வெண்ணம் வேரூன்றுதற்கு வகுப்பறைக் குறிப்பேடுகளே பெரிதும் காரணமாம். இன்பினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிப்பில் என்னும் மூன்றையும் அவற்றுட் பல விளக்கும் முறையை நோக்குக.

முன்னே 'டு' வந்தால் இன்பினிட்டிவ். பின்னே 'இங்' வந்தால் ஜெரண்ட் அல்லது பார்ட்டிசிப்பில். பார்ட்டிசிப்பில் என்பது எச்சம். இவ்வளவே பாடம். எந்த எச்சம் என்று வினவும் சிறுவனுக்கு விடையில்லை. இக்குழப்பத்தின் வேர் பழையது. தமிழ் பயிலும் ஆங்கிலேயருக்கென இலக்கணம் வகுத்த ஆர்டன் பாதிரியார் போன்றோர், பெயரெச்சத்தை 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பில்' என்றும், வினையெச்சத்தை 'வெர்பல் பார்ட்டிசிப்பில்' என்றும், 'செய' என்னும் எச்சத்தை இன்பினிட்டிவ் என்றும் வழங்கினர். அவர்தம் மாணவர்க்கு அது உதவிற்று. அப்பெயர்களைத் தலைகீழாக்கித் தமிழ்ச் சிறுவருக்கு ஆங்கிலம் புகட்டப் புகுந்ததே நம்மவர் செய்த பிழை.

நன்னூலார் சொல்லின் ஈற்றோடு நின்றாரல்லர். அச்சொல் எதனைக் கொண்டு முடிகின்றது என்றும் நோக்கினார். பெயர் கொண்டு முடிவது பெயரெச்சம். வினை கொண்டு முடிவது வினையெச்சம். தொழிலுக்குப் பெயராகி வேற்றுமை ஏற்பது தொழிற்பெயர். ஆங்கிலத்திற்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். பால்மரம் வெட்டுதல் நமக்குத் தெரிந்த தொழில். பல இடங்களில் பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டதெனினும் சொல் நம் நாவை விட்டகலவில்லை.

'டாப்பிங் இஸ் ஹார்ட்' என்பதில் வெட்டுதல் எழுவாயாய் நிற்கின்றது, ஆதலின் ஜெரண்ட். 'த உமன் டாப்பிங் தட் ட்ரீ' என்பது அம்மரத்தை வெட்டும் பெண். பெயரைத் தழுவுதலின் பார்ட்டிசிப்பில். 'டாப்பிங் தட் ட்ரீ, ஷீ சாங்' என்பது வெட்டிக்கொண்டே பாடினாள் என்பதாம். வினையைத் தழுவுவதாயினும் ஆங்கிலத்தார்க்கு இதுவும் பார்ட்டிசிப்பிலே. அவர் ஒன்றென்பதை நாம் இரண்டாகக் காண்கின்றோம்.

அங்ஙனமாயின் 'டாப்பிங் நைஃப்' யாது? கத்தி தானே வெட்டுவதன்று. வெட்டுதற்கு உரிய கத்தி. எனவே அதனை ஜெரண்ட் என்பர். வெட்டும் பெண், வெட்டும் கத்தி, வெட்டும் காடு, வெட்டும் வெட்டு, வெட்டும் நேரம், வெட்டும் மரம் எனப் பெயரெச்சம் தழுவும் அறுவகைப் பெயரை நன்னூல் வகுத்துள்ளது. செய்பவர் வேறு, கருவி வேறு என அறிந்த பிள்ளை இங்கே தடுமாறான்.

ஆனால் தமிழையே நம்பி ஏமாறும் இடமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 'வெட்டிய' என்னும் ஒரு சொல்லே வெட்டிய பெண்ணுக்கும் வெட்டிய மரத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் மரம் 'டாப்ட்'. பெண்ணை அங்ஙனம் கூறலாகாது. தனக்குச் சலிப்பு என்று சொல்ல வந்த மாணவன் 'ஐ ஆம் போரிங்' என்று தன்னையே பழித்துக்கொள்வது இதனாலேயே.

இன்பினிட்டிவ் இன்னும் வழுக்கும். 'ஷீ கேம் டு டாப்' வெட்ட வந்தாள்: வினையெச்சம், பழந்தமிழில் வெட்டுவான் வந்தாள் எனவும் ஆகும். 'டு டாப் வெல் இஸ் ஹார்ட்' நன்கு வெட்டுதல் கடினம்: தொழிற்பெயர். 'ட்ரீஸ் டு டாப்' வெட்டவேண்டிய மரங்கள்: பெயரெச்சம். இம்மூன்றையும் 'செய' என்னும் ஒரே கூட்டில் அடைப்பது எங்ஙனம்?

ஜெரண்டும் பார்ட்டிசிப்பிலும் வெவ்வேறு என்பதையே இன்று ஆங்கிலப் புலவர் சிலர் ஒப்புவதில்லை. 2002-ல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் சேர்த்து 'ஜெரண்ட்-பார்ட்டிசிப்பில்' என ஒரே பெயரிட்டனர். பெயர் ஒன்றாகலாம், வேலை ஒன்றாகாது. ஆறாம் ஆண்டு முடித்து மலாய்வழி இடைநிலைப்பள்ளி புகும் நம் பிள்ளைக்கு இதில் மலாய் துணை செய்வது அரிது. மலாய் வினை காலத்திற்கேற்பத் திரிவதில்லை. பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் வடிவாலேயே பிரித்துக் காட்டும் தமிழ் அவன் கைவசமுள்ளது.

நோயுற்ற தாய்க்காக மகனொருவன் தோட்ட அலுவலகத்திற்கு மடல் எழுதுகிறான் என வைத்துக்கொள்வோம். 'மை மதர் ஸ்டாப்ட் டாப்பிங்' என்றால் தாய் வெட்டுதலை நிறுத்தினாள். வெட்டுதல் ஐயுருபு ஏற்றது காண்க. 'மை மதர் ஸ்டாப்ட் டு டாப்' என்றால் வெட்டுதற்பொருட்டு நின்றாள். நிறுத்தினாள் பிறவினை, நின்றாள் தன்வினை. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'ஸ்டாப்ட்' ஒன்றே; அதன் பின்வரும் சொல்லைக் கொண்டே அலுவலகத்தார் தாய் வேலையை விட்டாளா, வேலைக்கு நின்றாளா என்று அறிவர்.