சொல் தொலைந்தவனின் செபம்

பக்திப் பாடல்களில் பாடுகிறவன் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. உவமைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மெட்டு வழுக்கிச் செல்கிறது. கேட்கும் நாமும் வழுக்கிச் சென்றுவிடுகிறோம். அயர்லாந்தின் யு2 இசைக்குழு 1981 அக்டோபரில் வெளியிட்ட 'அக்டோபர்' என்னும் இரண்டாம் இசைத்தட்டை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதில் பாடுகிறவன் முதற்பாடலிலேயே தடுமாறி நிற்கிறான் என்பதுதான். ராக் இசையின் இரைச்சலைக் கண்டு வாசகர் அஞ்ச வேண்டாம். அவ்விரைச்சலுக்குள் நமக்குப் பழக்கமான ஒரு குரல் கேட்கிறது.

தடுமாற்றத்திற்கு வெளிப்படையான ஒரு காரணம் உண்டு. 1981 மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பாடகர் போனோவின் கைப்பை காணாமற்போனது. அடுத்த இசைத்தட்டுக்கென எழுதிய வரிகள் அதில் இருந்தன. சூலை, ஆகஸ்டு மாதங்களில் டப்ளின் நகரின் விண்ட்மில் லேன் ஒலிப்பதிவுக் கூடத்தில், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் காத்திருக்க, ஒலிவாங்கியின் முன் நின்றபடியே பல வரிகளை அவர் உண்டாக்க வேண்டியதாயிற்று. பாதி வெந்த சோறு என்று இத்தட்டை இகழ்ந்தோர் உண்டு. அது முற்றிலும் பொய்யன்று.

ஆனால் 'குளோரியா'வைக் கேளுங்கள். பாடவும் இயலவில்லை, எழுந்து நிற்கவும் இயலவில்லை என்ற முறையீடே அதன் பொருள். தாய்மொழிச் சொல் கைவிட்ட இடத்தில் பாடகர் இலத்தீனைப் பற்றிக்கொள்கிறார். 31ஆம் திருப்பாடலின் தொடக்கம் அங்கே எதிரொலிக்கிறது. குழுவின் மேலாளர் தந்த கிரகோரியன் இசைத்தட்டு ஒன்றே அவரை அப்பக்கம் திருப்பியது என்பர். தந்தை கத்தோலிக்கர், எனினும் போனோ தாயுடன் புரோட்டஸ்டாண்டு ஆலயத்துக்குச் சென்று வளர்ந்தவர். எனவே இந்த இலத்தீன் பழக்கத்தால் வந்ததன்று, தேவையால் வந்தது. பொருள் முழுவதும் விளங்காமலே இலத்தீனில் பாடி மனம் நிறைந்து வீடு திரும்பிய நம் முதியோர் இதனை எளிதில் உணர்வர். மோசேயும் எரேமியாவும் அழைக்கப்பட்டபோது முதலில் சொன்னது, தமக்குப் பேச வராது என்பதையே. அந்த வரிசையில் வைத்துக் கேட்கத்தக்க பாடல் இது.

தடுமாற்றத்தின் ஆழமான காரணம் வேறு. நால்வரில் போனோ, எட்ஜ், லாரி மல்லன் ஆகிய மூவரும் டப்ளினில் 'ஷாலோம்' என்ற செபக் குழுவில் இருந்தனர். ஆடம் கிளேட்டன் அதில் சேரவில்லை. இறைவனுக்கு உரியவர்கள் ராக் மேடையில் நிற்கலாமா என்ற நெருக்குதல் அங்கிருந்து எழுந்தது. கித்தார் கலைஞர் எட்ஜ் இசைக்குழுவைவிட்டு விலகவே ஒரு கட்டத்தில் துணிந்தார். இருபதை ஒட்டிய வயது. அழைத்தல் எது, சோதனை எது என்று பிரித்தறியும் வேதனை. குருமடச் சுவர்களுக்குள் மட்டுமே இவ்வேதனை உண்டென்று எண்ணுவோர் இத்தட்டைக் கேட்க வேண்டும். இறுதியில் அவர்கள் விட்டு விலகியது செபக் குழுவைத்தான். இசையையும் விசுவாசத்தையும் அல்ல. 1983இல் வந்த 'வார்' இசைத்தட்டு இம்முடிவின் கனி.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. எருசலேமைப் பாடும் 'வித் எ ஷவுட்' பாடலில் முழக்கம் உண்டு, செபம் இல்லை. சமயச் சொற்களை அடுக்கிவிட்டால் சமய உணர்வு வந்துவிடும் என்ற மயக்கம் நம் ஆலயப் பாடகர் குழுக்களுக்கு மட்டும் உரியதன்று போலும்! 'ஃபயர்' நினைவில் தங்கவில்லை. பிற்பகுதியில் மெட்டுகள் ஒன்றையொன்று ஒத்துச் சோர்வு தருகின்றன. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம்வரை சென்ற தட்டு, அமெரிக்காவில் 104ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

இத்தட்டின் இதயம் 'டுமாரோ' என்னும் பாடல் என்பது நம் துணிபு. அயர்லாந்தின் ஊதுபையிசைக் கருவியான இல்லன் பைப்ஸ் தனித்து அழத் தொடங்குகிறது. வீட்டின் வெளியே கறுப்பு நிற ஊர்தி. கதவைத் திறக்க அஞ்சும் பிள்ளை. பதிவு நடந்த அக்கோடையில் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாநோன்பிருந்தோர் ஒருவர்பின் ஒருவராக, மொத்தம் பத்துப் பேர், இறந்தனர். அந்நாட்டுச் சாவுகளைப் பற்றியே தாம் பாடுவதாகப் போனோவும் எண்ணினாராம். பின்னரே தெரிந்தது, 1974இல் பதினான்கு வயதில் தாம் கண்ட தம் தாயின் அடக்கம் அது என்று. திட்டமிட்டு எழுதியிருந்தால் இது வந்திராது. சொற்குறிப்புகள் கையில் இல்லாததால், ஏழாண்டு பேசாதிருந்த துயரம் தானே வாய்திறந்தது. அழுகை மெல்ல வேகங்கொண்டு, கிறித்துவின் வருகையை நோக்கிய கூவலாக முடிகிறது. இறந்தோர் உயிர்ப்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றிய நமக்கு, அந்த மாற்றம் எவ்வளவு கடினமானது என்று தெரியும்.

தலைப்புப் பாடலான 'அக்டோபர்' இரண்டரை நிமிடங்கூட இல்லை. எட்ஜின் பியானோ ஒலிக்கிறது; சொற்கள் மிகச் சில. இலையுதிர்ந்த மரம், வீழும் அரசுகள், வீழாத ஒருவர். மேலும் ஒரு சொல் சேர்த்திருந்தாலும் கெட்டிருக்கும்.

காணாமற்போன அந்தக் குறிப்புகள் 2004 அக்டோபரில் போனோவிடம் திரும்பி வந்துசேர்ந்தன. அதற்குள் 'அக்டோபர்' வெளிவந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.