‘டவுன்’ யாருக்கு, ‘கம்போங்’ யாருக்கு? – ஜாக்சன் வரைபடத்தை வாசித்தல்

ஜாக்சன் வரைபடம் பற்றிக் கேள்வி வந்தால், “ஆரம்பகாலச் சிங்கப்பூரில் ஒவ்வோர் இனத்தவரும் தனித்தனிப் பகுதியில் வாழ்ந்தனர்” என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் கொஞ்சம் நிற்கணும். அது மக்கள் வாழ்ந்த ஊரின் படமல்ல; அவர்களை எங்கே குடிவைக்கலாம் என்று நினைத்த திட்டத்தின் படம்.

1822இன் கடைசியில் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்குத் தந்த அறிவுறுத்தல்களை ஒட்டி லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்தது. அச்சில் வந்தது 1828இல். முதலில் அதிலுள்ள பெயர்களை வாசித்துப் பாருங்க. ஐரோப்பியர் பகுதி ‘டவுன்’. சீனர், சூலியா, அராபியர், பூகிஸ் பகுதிகள் எல்லாம் ‘கம்போங்’. கம்போங் நல்ல மலாய்ச் சொல்தான், நம்மவர்களும் ‘கம்பம்’ என்று வாய்நிறையச் சொன்னதுதான். சொல்லில் குறையில்லை. ஆனால் நகரம் என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் ஏன்? அளவெடுத்து வரைந்த படத்தில் வரைந்தவரின் பார்வை கலக்காது என்ற நம்பிக்கை இந்த ஒரு சொல்லிலேயே ஆட்டம் காண்கிறது.

சூலியா கம்போங்கைத் தேடுங்க. சீனர் கம்போங்கையும் தாண்டி, ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும். ஆனால் 1826இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும், 1827இல் நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயிலும் எங்கே? சவுத் பிரிட்ஜ் சாலையில், இன்றைய சைனாடவுனின் நடுவில்! கோயிலுக்கென்று முதலில் தெலுக் ஆயரில் கிடைத்த இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. வரைபடத்தில் கோடு போடுவது சுலபம். கோயிலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேணுமே. பக்கத்துத் தெருக்களின் பெயர்களே சாட்சி: மாஸ்க் ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட். கடைசிப் பெயரைச் சீனக் கோயிலோடு சேர்த்து நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நம் மாரியம்மன் கோபுரத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர்.

இதற்காக வரைபடமே பொய் என்று எழுதினாலும் மதிப்பெண் போகும். சீனர் பகுதியும் கம்போங் கிளாமும் பெரும்பாலும் திட்டப்படியே வளர்ந்தன. எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று பிரித்து எழுதுவதுதான் நல்ல விடை.

‘சூலியா’ என்ற சொல்லைச் சோழ நாட்டோடு தொடர்புபடுத்துவார்கள். அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு இருந்த இன்னொரு பெயர் ‘கிளிங்’. கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். எந்தக் கரையிலிருந்து வந்தாலும் ஒரே பெயர்! காலப்போக்கில் அது ஏச்சுச் சொல்லாகவே ஆனது. இந்தியர்கள் ஆட்சேபித்த பிறகு, 1920களின் தொடக்கத்தில் கிளிங் ஸ்திரீட் சூலியா ஸ்திரீட் ஆனது. அந்தத் தெரு ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருக்கிறது. ஜாக்சன் சூலியாக்களுக்கு என்று குறித்த இடத்தில் அல்ல.