சான்றிதழுக்குத் தேய்மானம் உண்டா?

உங்கள் கடைக்கு 50 ஆயிரம் ரூபாயில் ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள். வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். முதல் வருஷமே 20 ஆயிரம் போச்சு. (பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்குப் பைத்தியம் லேசில் விடாது.) அந்தக் கம்ப்யூட்டரை இயக்க ஒருவருக்கு ஒரு நாள் கற்றுக்கொடுத்தீர்களே, அந்தப் பயிற்சி எத்தனை சதவீதம் தேயும்? எந்தப் பேரேட்டிலும் அதற்குப் பத்தி கிடையாது.

நம் கல்வித் துறையின் பேரேட்டிலும் கிடையாது. ஆசிரியருக்கு ஒரு தடவை பயிற்சி கொடுத்தால் கொடுத்ததுதான். ‘பயிற்சி பெற்றவர்’ என்று எழுதி மூடிவிடுவார்கள்.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் சொல்வதைக் கேட்டு வந்து, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் சொல்வார்கள். அங்கே கேட்டவர்கள் வட்டார வள மையத்தில் சொல்வார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, குறுவள மையத்தில் நம் டீச்சருக்கு வந்து சேரும். ஒரு டிகாஷனில் நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் ஆன்லைன் வந்தது என்பார்கள். வந்தது. 2019 ஆகஸ்ட்டில் மத்திய அரசு ‘நிஷ்தா’ என்று ஒரு பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தது. இலக்கு 42 லட்சம் ஆசிரியர்கள். உலகத்திலேயே பெரியது என்று பெருமை வேறு. கொரோனா வந்ததும் 2020 அக்டோபரில் அது ‘தீக்‌ஷா’ தளத்துக்கு ஏறியது. மொத்தம் 18 தொகுதிகள். அதில் ஒன்று, கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றியது.

அந்தத் தொகுதியில் சரக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். கருவியைப் பார்த்து மயங்காதே, எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்று முதலில் யோசி என்கிறது. நல்ல புத்திமதிதான். ஆனால் சொல்கிற விதம் இருக்கிறதே! வீடியோ, படிக்கப் பக்கங்கள், கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடு, முடித்தால் சான்றிதழ். மாணவனுக்கு இப்படிப் பாடம் நடத்தாதே என்று சொல்கிற பாடத்தை, ஆசிரியருக்கு அப்படியே நடத்துகிறார்கள். நீச்சல் பற்றிய வீடியோவைப் பார்த்து முடித்தவரிடம், இந்தாருங்கள் சான்றிதழ், குளத்தில் இறங்குங்கள் என்கிற மாதிரி. 30 பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது ப்ரொஜக்டர் படுத்துவிட்டால் என்ன செய்வது? வீடியோவிடம் கேட்க முடியாதே!

உடனே ஒரு குரல் வரும். “அந்தக் காலத்து வாத்தியார்களுக்கு டெக்னாலஜி வராது சார்.” இது அபாண்டம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வருகைப் பதிவை மொபைல் செயலியில் போட வைத்தார்கள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தவர்கள்கூடப் போட்டார்கள். புலம்பிக்கொண்டே போட்டார்கள், அது வேறு விஷயம். எப்படி வந்தது? தினம் செய்தார்கள். தெரியாவிட்டால் பக்கத்து வகுப்பு டீச்சரைக் கேட்டார்கள். போடாவிட்டால் ஆபீசிலிருந்து போன் வந்தது. பாடம் நடத்துவதற்கு இந்த மூன்றும் கிடையாது. ஸ்மார்ட் போர்டு ஓடினதா என்று எந்த ஆபீஸாவது போன் பண்ணியிருக்கிறதா?

கருவிக்குக் குறைவில்லை. 2018ல் புதுப் பாடப் புத்தகங்களில் கியூ.ஆர். கோடு வந்தது. 2023ல் ‘மணற்கேணி’ செயலி வந்தது. பேர் வைத்தவருக்கு ஒரு சபாஷ். 2024ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு சுமார் 80 ஆயிரம் டேப்லெட் கொடுக்க ஆரம்பித்தார்கள். 22 ஆயிரத்துக்கு மேல் ஸ்மார்ட் வகுப்பறை என்று திட்டம். எல்லாம் நல்லதுதான். முதல் நாளிலிருந்தே எல்லாமே தேய ஆரம்பித்துவிடும் என்பதுதான் என் கவலை.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று கோடிக் கண்கள் மலையைப் பார்க்கின்றன. டி.வி. கேமராக்கள் மறுநாளே மூட்டை கட்டிவிடும். ஆனால் தீபம் 11 நாள் தெரிகிறது. தினமும் மாலையில் ஆட்கள் மேலே இருந்து நெய் விட்டு ஏற்றுகிறார்கள், அதனால்.

பக்கத்து கேரளத்தில் 2001ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று ஆரம்பித்தார்கள். லைசென்ஸ் காசு கேட்காத லினக்ஸில் பிள்ளைகளைப் பழக்கினார்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு ஆசிரியரையே ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். மாவட்டத்தில் ‘மாஸ்டர் ட்ரெய்னர்’கள். அவர்களும் வாத்தியார்கள்தான், வெளிக் கம்பெனி ஆட்கள் இல்லை. சந்தேகம் வந்தால் ஸ்டாஃப் ரூமில் எட்டிப் பார்த்துக் கேட்கலாம். 2017ல் அந்த அமைப்பையே ‘கைட்’ என்று ஒரு அரசு நிறுவனமாக்கிவிட்டார்கள்.

நம்மிடம் ஆள் இல்லையா? இருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்றுநர் என்று ஒரு பதவியே இருக்கிறது. பள்ளிக்குப் போய், வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, உதவி செய்ய வேண்டியவர்கள். புள்ளிவிவரம் திரட்டுவதிலேயே அவர்கள் பொழுது போகிறது என்பது வருஷக்கணக்கான புகார். அவர்களை ஜமுனாமரத்தூர் மலைக்கு பஸ் ஏற்றி அனுப்பாமல், எக்ஸெல் ஷீட்டுக்கு முன்னால் உட்கார வைத்தால் எப்படி?

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியருக்கு வருஷத்துக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு இருக்கிற சண்டை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த 50ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். 30 மணி நேரத்தை வீடியோவுக்கே கொடுத்துவிடலாம். மீதி 20ஐ, பள்ளி நடக்கிற பத்து மாதமும் மாதம் இரண்டு மணி நேரமாகப் பிரித்து, ஒரு பயிற்றுநர் டீச்சரின் வகுப்பிலேயே வந்து உட்காரட்டும். இதற்குச் சான்றிதழ் வேண்டாம். போன மாதம் மக்கர் பண்ணின ப்ரொஜக்டர் இந்த மாதம் ஓடுகிறதா என்று பார்த்து, பள்ளிப் பதிவேட்டில் தேதியோடு ஒரு கையெழுத்து போட்டால் போதும்.